துடைப்பச் சத்தம் வரும் பாகம்

அக்டோபர் 3

அக்காவுக்கு,

உறையைப் பார்த்ததும் யார் கையெழுத்து என்று தெரிந்திருக்காது. ஐந்து வருஷத்தில் என் எழுத்து மாறிவிட்டது. சுண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் விலாசம் கோர்ட்டிலிருந்து வந்த தாளில் அம்மா பெயருக்குக் கீழே இருந்தது. அப்பா அதை மடித்து அலமாரியில் வைப்பதற்குள் மனப்பாடம் செய்துகொண்டேன். இப்போது குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் விளக்கு எரிந்தாலும் ஏன் என்று கேட்க முடியாத அறை வீட்டில் இது ஒன்றுதான். அப்பா இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது. கண்டுபிடித்தால் அடிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். மூன்று நாள் பேசாமல் இருப்பார். அதற்கு அடியே தேவலை. நீங்கள் போன புதிதில், "அவங்க பேச்சு இந்த வீட்ல வேண்டாம்மா" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவேண்டிய தேவையை நான் வைக்கவில்லை.

விஷயம் இரண்டு. முதலாவது உனக்கும் தெரிந்திருக்கும். அம்மா மறுபடி மனுப் போட்டிருப்பதால், 28ஆம் தேதி கோர்ட்டு ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவிடம் இருக்கிறாயா, அம்மாவிடம் போகிறாயா என்று கேட்கப் போகிறார். பதினாலு வயதாகிவிட்டதால் என் வார்த்தைக்குத்தான் மதிப்பாம். அந்த மதிப்பை யாராவது வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது விஷயம் பேய். சிரிக்காதே.

அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் பழைய டிஸ்க் விற்பவரிடம் 'பூட்டிய வீடுகள்' முழுத் தொகுப்பையும் வாங்கி வந்திருக்கிறார். முப்பத்தொன்பது பாகமும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்றோ இரண்டோ பார்க்கிறேன். தொடக்க இசைக்கு இன்றும் கை முடி நட்டுக்கொள்கிறது. மின்சாரக் கணக்கெடுக்க வரும் மீட்டரக்கா, பூட்டு துருப்பிடித்த வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே ஆளே இல்லை, ஆனால் மீட்டர் சக்கரம் சுற்றுகிறது. செத்தவர் யாரோ உள்ளே குடியிருக்கிறார் என்று அவளுக்கு மட்டும் புரிகிறது. இதைவிட நல்ல ஆரம்பம் எந்தத் தொடருக்கும் கிடையாது. ஆனால் பேய்க்கு எதற்கு மின்சாரம் என்று அவள் ஒரு பாகத்திலாவது கேட்டிருக்கலாம்.

ஒன்று சொல். எனக்கு ரொம்பப் பயமாக இருந்த பாகம் எது? முதலில் ஏதோ சுவரில் மோதும். ஒரு பெண் மெதுவாக என்னவோ சொல்வாள். கண்ணாடி உடையும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் துடைப்பத்தால் பெருக்குகிற சத்தம் வரும். உடைப்பதைவிட அந்தப் பெருக்கல்தான் எனக்குக் குலை நடுக்கம். பாகத்தின் எண் தெரிந்தால் விளக்கெல்லாம் போட்டுவைத்துக்கொண்டு பார்ப்பேன்.

பதிலை எங்கள் கட்டடத்துக் கீழே இருக்கிற தையல்கடைக்குப் போடு. தையல்காரம்மாவின் மகள் என் வகுப்புதான். வீட்டுக்கு வரும் தபாலை அப்பா பார்ப்பார், போனையும் பார்ப்பார்.

சுண்டு

அக்டோபர் 7

சுண்டுவுக்கு,

உறையை நான்கு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். ஏதோ பரிசோதனைக்கூட பில் என்று நினைத்தேன். நான் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது. காலையில் இருநூறு குழாய் ஒட்டிவிட்டு மத்தியானம் கல்லூரி. ஒட்டுகிற சீட்டு ஒன்று மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவருக்குப் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் எதையும் இரண்டு தடவை படிக்கிறேன். உன் கடிதத்தை அதற்கு மேலும்.

அம்மா பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். வேலை கிடைத்ததிலிருந்து நான்கு வருஷம் விடுதியின் பொதுக்கூடத்தில், நாற்பது பெண்களுக்கு நடுவில், ஒரே கட்டிலில் படுத்தோம். போன மாதம்தான் இரண்டு அறையுள்ள வீடு கொடுத்தார்கள். மனுப் போட்டதன் காரணம் அதுதான். உனக்கு ஒரு கட்டில் போட இடம் வந்தவுடன் போட்டாள். அம்மாவுக்கு நீ எழுதியது தெரியாது. தெரிந்தால் அழுவாள், அப்புறம் கீழே ஓடிப்போய் யாராவது பெண்ணைத் தலை சீவவில்லை என்று திட்டுவாள்.

தொடரைப் பற்றி என்னிடம் கேட்காதே. மறந்துவிட்டது. மீட்டரக்கா கடைசியில் அந்த இன்ஸ்பெக்டரைக் கல்யாணம் செய்துகொள்வாள், இல்லையா? நீ கேட்ட காட்சி இரண்டாவது பாதியில் எங்கேயோ வரும் என்று நினைக்கிறேன். அதைத் தேடிக்கொண்டிருக்காமல் படி.

28ஆம் தேதி என்ன சொல்லப் போகிறாய்?

அக்கா

அக்டோபர் 12

அக்காவுக்கு,

இன்ஸ்பெக்டரா? அந்தத் தொடரில் இன்ஸ்பெக்டரே கிடையாது. நீ வேறு எதையோ பார்த்திருக்கிறாய்.

இருபத்தேழு பாகம் முடித்துவிட்டேன். என் கருத்துகளைச் சொல்கிறேன், கோபப்படாதே. மீட்டரக்காவின் தலைமுடி ஒரே காட்சியில் மூன்று தடவை நீளம் மாறுகிறது. ஆறாவது பாகத்தில் பறக்கிற நாற்காலிக்குக் கம்பி தெரிகிறது. ஈரக்கால் பேய் நடந்துபோன தடங்களை நிறுத்திப் பார்த்தேன். பதினோரு தடமும் இடது கால். எட்டு வயதில் இதற்கா நான் உன் முதுகில் முகத்தைப் புதைத்தேன் என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் பதினாலாவது பாகம், அந்த முதியவர் தான் செத்ததே தெரியாமல் தினமும் சட்டைக்கு இஸ்திரி போடுகிற கதை, அது இன்றும் அப்படியே இருக்கிறது. மீட்டரக்கா அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல், "காலர் நல்லா வந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வருவாள். அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் கண்டுபிடித்தேன். நான் போர்வைக்குள் இருந்தபோது நீ எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாயே, அதில் பாதிக்குமேல் தொடரில் இல்லை. ஈரக்கால் தண்ணீரில் தொலைத்த தங்கச்சியின் செருப்பைத் தேடி வீடு வீடாக அலைகிறது என்று நீ சொன்னாய். எத்தனை நாள் அதற்காக அழுதிருக்கிறேன். பார்த்தால் ஈரக்கால் ஒரு கட்டட மேஸ்திரி. தண்ணீர்த் தொட்டியில் விழுந்தவர். செருப்பும் இல்லை, தங்கச்சியும் இல்லை. சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தால் பேய் அறைக்குள் வராது என்ற விதியும் இல்லை. உன் கதைதான் நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது எதைப் பார்த்தாலும், இது தொடரா அக்காவா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

துடைப்பம் இன்னும் வரவில்லை.

28ஆம் தேதி அப்பாவோடு இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அவர் எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார், தெரியுமா? கடையில் லென்ஸ் தேய்க்கிற கை, கோணல் வராமல் பின்னும். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். நீங்கள் இரண்டு பேரும் ஒரு ராத்திரி என்னைத் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள். காலையில் எழுந்தால் அப்பா மட்டும் இருந்தார். இருந்தவரோடுதானே இருக்கவேண்டும்?

சுண்டு

அக்டோபர் 15

சுண்டு,

உன்னை விட்டுவிட்டுப் போனோம் என்று எழுதியிருக்கிறாய். சரி, மீதியையும் எழுது.

மூன்றாவது நாள், செவ்வாய்க்கிழமை, அம்மா உன்னைக் கூட்டிப்போக வந்தாள். நானும் வந்தேன். அம்மா கையில் கட்டு இருந்தது. அப்பா வாசலை மறித்து நின்றார். "அவளையே கேளு" என்றார். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து உன்னைக் கேட்டாள். அங்கே டிவி இருக்கா என்று நீ கேட்டாய். இல்லை என்றாள். நீ சொன்ன பதில் எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"சனிக்கிழமை கடைசிப் பாகம். நான் வரலை."

"கேட்டுக்கிட்டல்ல. புள்ளையே வரலைங்குது" என்றார் அப்பா. கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தோம், திறக்கவில்லை. கோர்ட்டிலும் அதையே சொன்னார், குழந்தைக்கு விருப்பம் இல்லை என்று. ஒரு சீரியலுக்காக நீ சொன்ன ஒரு வார்த்தையில் அம்மா ஐந்து வருஷம் உன்னைப் பார்க்கவில்லை. இப்போது அதே சீரியலில் நாற்காலிக் கம்பி தெரிகிறது என்று எனக்கு எழுதுகிறாய்.

அக்கா

அக்டோபர் 19

அக்காவுக்கு,

எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தாயா? ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா எங்கே என்று கேட்டால், வெளியூரில் வேலை என்று சொல்வேன். நான் ஒரு சீரியலுக்காக வரமாட்டேன் என்றேன், அதனால் அவள் போய்விட்டாள் என்று யாரிடம் சொல்வது?

இன்று முப்பத்தொன்பதாவது பாகத்தையும் பார்த்துவிட்டேன். அது நன்றாகவே இல்லை அக்கா. மீட்டரக்காவுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான். எந்த வீடும் திறக்கவில்லை. ஈரக்காலுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் நான் அம்மாவை மாடிப்படியிலிருந்து அனுப்பினேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

துடைப்பம் எந்தப் பாகத்திலும் இல்லை. இரண்டாவது தடவை ஓட்டி ஓட்டித் தேடினேன். கண்ணாடி உடைவது ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஜன்னல், பகலில். நீங்கள் போன அன்றைக்கு ஓடியது முப்பத்தெட்டாவது பாகம்தானே? அதைப் போட்டேன். அந்தப் பாகம் முழுக்க ஒரு மலைப்பாதையில் நடக்கிறது. வீடே வரவில்லை. ஆனால் அந்த ராத்திரி நான் கேட்டேன். கண்ணாடியையும் கேட்டேன், பெருக்குவதையும் கேட்டேன். நீ என் காதைப் பொத்திக்கொண்டு, டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாய். பயமாக இருக்கும்போது யாராவது சத்தத்தைக் குறைப்பார்களா, கூட்டுவார்களா? இதை நான் இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை.

நம் வீட்டில் இப்போது கண்ணாடி டம்ளர் கிடையாது. எல்லாம் எவர்சில்வர். அது ஏன் என்றும் யோசித்ததில்லை.

நீயே சொல். நான் யூகித்தது தப்பாக இருந்தால் அப்பாவுக்குப் பெரிய துரோகம் செய்தவளாகிவிடுவேன். எழுத்து சரியில்லை, மன்னித்துக்கொள்.

சுண்டு

அக்டோபர் 22

என் சுண்டுவுக்கு,

நீ யூகித்தது தப்பில்லை.

சனிக்கிழமை எட்டரைக்குத் தொடர். மறுநாள் கடை விடுமுறை என்பதால் அப்பா குடித்துவிட்டு வருவதும் சனிக்கிழமைதான். எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. எந்தச் சனிக்கிழமை என்று தெரியாததுதான் கஷ்டம். செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். ஒழுங்காக வைத்தால் டிவி சத்தம் ஒன்பதில் இருக்கும். உதறினால் இருபத்துமூன்றுக்கு ஏற்றிவிடுவேன்.

அந்தத் தொடரை நான் பார்த்ததே இல்லை. முகம் டிவி பக்கம் இருக்கும், காது சமையலறைப் பக்கம் இருக்கும். நீ போர்வைக்குள்ளிருந்து, "இப்ப என்னாச்சு?" என்று கேட்பாய். வாயில் வந்ததைச் சொல்வேன். ஒரு நாள் உள்ளே டம்ளர் உடைந்தது. என்ன சத்தம் என்று கேட்டாய். பேய் கோபத்தில் உடைக்கிறது என்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா பெருக்க ஆரம்பித்தாள். இது என்ன சத்தம் என்றாய். உடைத்த பேயே பெருக்குகிறது என்றேன். நீ சிரித்தாய், "நல்ல பேய்" என்றாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்தச் சிரிப்புக்காகவே அப்புறம் எப்போது கேட்டாலும் அதையே சொன்னேன். உனக்கு உள்ளே பயம் வளர்ந்துகொண்டிருந்தது என்று இந்த மாதம்தான் தெரிகிறது.

அந்தக் கடைசி ராத்திரி அம்மாவின் உள்ளங்கையில் ஏழு தையல். பெருக்கும்போது கிழித்துக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பதிமூன்று வயதில் பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பேய்க்குப் பயந்தாய், அப்பாவுக்குப் பயப்படவில்லை. பயப்படாததால்தான் அங்கேயே இருந்துவிட்டாய். போன கடிதத்தில் உன்மேல் பழி போட்டேன். அன்றைக்கு மாடிப்படியில் நீ சொன்ன பதிலில் பாதி நான் எழுதிக் கொடுத்தது.

அம்மா உன் கடிதங்களைப் பார்த்துவிட்டாள். என் கல்லூரிப் பையில் இருந்தன. அழவில்லை. கீழே போய் யாரையும் திட்டவும் இல்லை. அப்பா குடியை விட்டுவிட்டார் என்று யார் மூலமோ அவளுக்கு முன்பே தெரியுமாம். என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அவளை வா வான்னு எழுதாத. போன தடவைதான் யாருமே அவளை யோசிச்சுச் சொல்ல விடலை."

அதனால் நானும் கேட்கவில்லை.

அக்கா

அக்டோபர் 25

அக்காவுக்கு,

அப்பாவைக் கேட்டுவிட்டேன்.

கேட்கவேண்டும் என்று போகவில்லை. என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை முடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் எனக்கு அவர் முகம் கலங்கலாகத்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். முதலில் மோதும், அப்புறம் உடையும், அப்புறம் பெருக்கும், அது எந்தப் பாகம் அப்பா என்றேன்.

திருப்புளி நின்றுவிட்டது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப ரொம்ப நேரம் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனபிறகுதான் பேசினார்.

"அது டிவியில வந்தது இல்லம்மா."

"பெருக்கினது யாருப்பா?"

"உங்கம்மா."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"உடைச்சது நான்."

குடி, கடைத் தொல்லை, கோபம் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து என் முகத்தில் மாட்டிவிட்டார். மாட்டியதும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் அறைக்கு ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட்டியா, பால் வேணுமா என்று கேட்கிறார். நான்தான் பேசவில்லை. பயம் முன்பு ஒரு விதமாக இருந்தது, இப்போது வேறு விதமாக இருக்கிறது. இந்த அப்பாவை எனக்குத் தெரியும். அந்த அப்பாவைத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே கை. 28ஆம் தேதி ஆலோசகர் முன்னால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுண்டு

அக்டோபர் 28

அக்காவுக்கு,

கோர்ட்டில் ஆலோசகர் அறை மாடியில், டைப் அடிக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மூலையில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பொம்மைப் பெட்டி. எல்லாப் பொம்மைக்கும் ஏதாவது ஒரு சக்கரம் இல்லை. ஆலோசகர் நம் அம்மா வயதுள்ள பெண். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் என்று சுற்றிவிட்டுத்தான் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்.

முதலில் போன தடவை சொன்ன பதிலைத் திருத்த வேண்டும் என்றேன். புரியாமல் பார்த்தார். ஒன்பது வயதில் நான் அம்மாவோடு போகமாட்டேன் என்று சொன்னது அப்பாவுக்காக இல்லை, ஒரு தொடரின் கடைசிப் பாகத்துக்காக என்றேன். எந்தத் தொடர் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, தானும் விடாமல் பார்த்ததாகவும் கடைசிப் பாகம் மகா மட்டம் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் பேச முடிந்தது. துடைப்பச் சத்தத்தைச் சொன்னேன். தலை பின்னுவதையும் சொன்னேன். ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். இரண்டையும் எழுதினார், நான் பார்த்தேன்.

அம்மாவோடு இருக்க விரும்புகிறேன் என்றேன். அப்பாவைப் பார்க்க வரவேண்டும், அதற்கு யாரும் குறுக்கே நிற்கக்கூடாது என்றேன். தீர்ப்பு வர நாளாகும், ஆனால் அப்பா சம்மதித்தால் பரீட்சை விடுமுறைக்கு இந்த வெள்ளிக்கிழமையே போகலாம் என்றார். சம்மதத்தைத் தானே கேட்கட்டுமா என்றார். வேண்டாம், நானே கேட்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கதவு வரைக்கும் போவதற்குள் ஆயிரம் தடவை நொந்துகொண்டேன்.

அப்பா வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"அம்மாகிட்ட போறேன்னு சொன்னேன்ப்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். எங்களைத் தாண்டி மூன்று வக்கீல்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

"எப்போ?"

"நீங்க சரின்னா வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை கடை இருக்கே" என்றார்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். படி இறங்கும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"லீவு போடுறேன். பஸ்ல தனியா போகவேண்டாம்."